நாணல் மீது ஒரு யுத்தம்

அண்டை நாட்டின்மீது படையெடுத்த சர்வாதிகாரிகள் உண்டு. சொந்த ஜனங்கள்மீதே பீரங்கியைத் திருப்பியவர்களும் உண்டு. சரித்திரத்தில் எந்தப் பக்கத்தைப் புரட்டினாலும் அப்படி யாராவது ஒருத்தர் அகப்படுவார். ஆனால், ஒரு புல்லின்மீது யுத்தம் தொடுத்த சர்வாதிகாரியைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா?

சதாம் ஹுசைன் அதைச் செய்தார். ஏறத்தாழ ஜெயித்தும் விட்டார்.

அந்தப் புல்லின் பெயர் நாணல். நம் ஊரில் ஆற்றோரம் நிற்கிற பல புல் வகைகளுக்கும் பொதுவாக நாணல் என்றுதான் சொல்கிறோம். இந்தக் கதையின் நாயகன் அந்தக் குடும்பத்திலேயே கொஞ்சம் பெரிய ஆள். தாவரவியல்காரர்கள் ஃப்ராக்மைட்டிஸ் என்பார்கள். ஐந்து மீட்டர் உயரம் வரை வளரும். அன்டார்டிகா நீங்கலாக எல்லாக் கண்டங்களிலும் இருக்கும். எந்த ஊருக்குப் போனாலும் சேற்றில் காலை ஊன்றி நின்றுவிடுகிற ஜாதி.

சரி, ஒரு நாட்டின் அதிபருக்கு இதன்மேல் என்ன கோபம்?

1991 பிப்ரவரி. குவைத்தை விழுங்கப் போன சதாம், வாங்க வேண்டியதை வாங்கிக்கொண்டு திரும்பிய நேரம். ஈராக் மக்களே, உங்கள் தலைவிதியை நீங்களே கையில் எடுத்துக்கொள்ளுங்கள் என்கிற ரீதியில் அமெரிக்க அதிபர் சீனியர் புஷ் வானொலி வழியே உசுப்பேற்றியிருந்தார். தெற்கு ஈராக்கின் ஷியா மக்கள் அதை நம்பினார்கள். பாஸ்ராவில் புரட்சி வெடித்தது. பல நகரங்கள் சில நாள் சதாமின் கையை விட்டுப் போயின. உசுப்பேற்றியவர்கள் உதவிக்கு வரவில்லை. சதாமின் குடியரசுக் காவல் படை வந்தது. நகரங்களில் ரத்தம் ஓடியது. தப்பித்தவர்கள் ஓடி ஒளிய ஓர் இடம் வேண்டியிருந்தது.

அந்த இடம்தான் சதுப்பு நிலம். டைகிரிஸும் யூப்ரடிஸும் கடலை நெருங்குவதற்குமுன் படுத்துப் பரவுகிற நீர்க்காடு. 1970-களில் அதன் பரப்பு 15,000 முதல் 20,000 சதுர கிலோமீட்டர். கேரளத்தில் ஏறக்குறைய பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள். அத்தனையும் தண்ணீர், தண்ணீருக்கு மேலே ஆள் உயரத்தைப்போல் இரண்டு மூன்று மடங்கு நாணல். டாங்கி உள்ளே போக முடியாது. ஒற்றைப் படகு நுழையும் அளவு சந்துகள்தான் சாலை. உள்ளூர்க்காரனுக்கு மட்டும்தான் வழி தெரியும். மேலே பறக்கிற ஹெலிகாப்டருக்குக் கீழே தெரிவதெல்லாம் பச்சைப் பாய்.

அந்த உள்ளூர்க்காரர்களின் பெயர் மதான். சதுப்பு அரேபியர்கள் என்று உலகம் அழைக்கும். எருமை வளர்ப்பார்கள், மீன் பிடிப்பார்கள், நாணலை வைத்து மிச்ச எல்லாவற்றையும் செய்துகொள்வார்கள். வீடு நாணல். பாய் நாணல். அடுப்பெரிக்க நாணல். வீடு நிற்கும் தீவேகூட நாணலும் சேறும் அடுக்கடுக்காகப் போட்டு அவர்களே உண்டாக்கியதுதான். எருமைக்குத் தீவனமும் அதன் இளங்குருத்துதான். அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் ஹஷீஷ். பதற வேண்டாம். அரபியில் அந்தச் சொல்லுக்கு வெறும் புல் என்றுதான் அர்த்தம்.

அவர்களுடைய விருந்தினர் கூடத்தை முதீஃப் என்பார்கள். நாணலைக் கட்டுக்கட்டாகச் சேர்த்து, தூண் கனத்துக்குக் கட்டி, இரண்டு வரிசையாக நட்டு, நுனிகளை வளைத்து வில் மாதிரி இணைத்து, மேலே நாணல் பாய் போர்த்தினால் கூடம் தயார். ஓர் ஆணி கிடையாது, மரச்சட்டம் கிடையாது. இதே மாதிரிக் குடில் ஐயாயிரம் வருஷத்துக்கு முந்தைய ஒரு கல்தொட்டியில் செதுக்கப்பட்டிருக்கிறது. சுமேரியாவின் உருக் நகரத்துக் காலத்துத் தொட்டி. இப்போது லண்டனில், பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. ஐயாயிரம் வருஷமாக ஒரே டிசைன்!

சுமேரியாவுக்கு வந்துவிட்டதால் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மனிதன் முதன்முதலில் எழுதியது இங்கேதான், ஈரக் களிமண் பலகையில். பேனா எது? சீவிய நாணல் குச்சி. என்ன எழுதினான்? கவிதையெல்லாம் ரொம்பப் பிற்பாடு. உருக்கில் கிடைத்த மிகப் பழைய பலகைகளில் பெரும்பகுதி கணக்கு வழக்கு. இவ்வளவு பார்லி வந்தது, இத்தனை ஆடு போனது, இவ்வளவு பீர் விநியோகம் ஆனது. காமர்ஸ் படித்தவன் என்கிற முறையில் நாணலுக்கு என் தனிப்பட்ட வணக்கம். உலகின் முதல் பேரேட்டை எழுதியது அதுதான்.

பாபிலோனியர்களின் அக்காடிய மொழியில் நாணலுக்குப் பெயர் கனூ. அது கிரேக்கத்துக்கும் லத்தீனுக்கும் போய் ஆங்கிலத்தில் மூன்று பிள்ளைகளைப் பெற்றிருக்கிறது என்கிறார்கள் சொல்லாராய்ச்சிக்காரர்கள். பிரம்பைக் குறிக்கிற கேன், பீரங்கியைக் குறிக்கிற கேனன், கால்வாயைக் குறிக்கிற கெனால். கடைசி இரண்டையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். சதாம் அவற்றைத்தான் கையில் எடுத்தார்.

முதலில் பீரங்கி. ஊர்கள்மீது குண்டு விழுந்தது. நாணல் காட்டுக்குத் தீ வைத்தார்கள். பிரயோஜனமில்லை. வெட்டினாலும் எரித்தாலும் அடுத்த பருவத்தில் நாணல் மறுபடி எழுந்து நிற்கும். காரணம், அதன் உயிர் மேலே இல்லை. சேற்றுக்குள் படுக்கையாக ஓடுகிற வேர்த்தண்டில் இருக்கிறது. நாணலைக் கொல்ல ஒரே வழி, அதன் காலடியில் இருக்கும் தண்ணீரை எடுத்துவிடுவது.

ஆகவே அடுத்தது கால்வாய். இங்கே ஒரு விஷயம். சதுப்புக்குப் போகும் தண்ணீரை வேறு பக்கம் திருப்பும் யோசனை சதாமின் மூளையில் பிறந்ததல்ல. பாசனத்துக்குப் பயன்படுத்தலாம் என்று 1951-லேயே ஒரு பிரிட்டிஷ் பொறியாளரின் அறிக்கை பேசியிருக்கிறது. கோப்பில் தூங்கிய திட்டத்தை சதாம் எழுப்பி, நோக்கத்தை மட்டும் மாற்றிவிட்டார். பாக்தாத் பக்கமிருந்து வளைகுடாவரை 565 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு கால்வாய் 1992 டிசம்பரில் திறக்கப்பட்டது. பெயர் சதாம் நதி. இன்னொரு கால்வாய்க்கு 'போர்களின் தாய்' என்று பெயர். இன்னொன்றுக்கு 'தலைவருக்கு விசுவாசம்'! நதிகளின் இருபுறமும் கரைகள் எழும்பின. ஒரு சொட்டு உள்ளே போகக்கூடாது. வெளியில் கேட்டால் விவசாய வளர்ச்சித் திட்டம் என்று பதில் வந்தது.

இரண்டு மூன்று வருஷத்தில் முடிந்துவிட்டது. முதலில் மீன் போனது. பிறகு எருமை. பிறகு மனிதர்கள். படகுகள் தரைதட்டிக் கிடந்தன. நாணல் காய்ந்து பழுப்பாகி, எரிந்து சாம்பலாகி, கடைசியில் வெடித்த தரையும் அதன்மேல் வெள்ளையாக உப்புப் பொருக்கும்தான் மிச்சம். 2001-ல் ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு பழைய செயற்கைக்கோள் படங்களையும் புதியவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து அதிர்ந்தது. சதுப்பில் தொண்ணூறு சதவிகிதம் காணோம். 2003 ஜனவரியில் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் வெளியிட்ட அறிக்கை மனிதர்களை எண்ணியது. சுமார் இரண்டரை லட்சம் பேர் வாழ்ந்த பூமியில் மிஞ்சியிருந்தவர்கள் நாற்பதாயிரம் அளவுக்குத்தான் இருக்கும் என்றது. மற்றவர்கள் ஈரானில் அகதிகளாக, ஈராக் நகரங்களின் ஓரத்தில் கூலிகளாக, அல்லது மண்ணுக்குள்.

நஷ்டம் மதான்களுக்கு மட்டும்தானா? இல்லை. வளைகுடாவின் இறாலுக்கும் பல மீன்களுக்கும் அந்தச் சதுப்புதான் குஞ்சு வளர்க்கும் தொட்டில். அதைவிட முக்கியம், இரண்டு மகாநதிகள் வழியெல்லாம் சுமந்துகொண்டு வரும் வண்டலும் கழிவும் உரமும் கடலுக்குப் போவதற்குமுன் அங்கேதான் வடிகட்டப்பட்டன. மேற்கு ஆசியாவின் சிறுநீரகத்தைத்தான் சதாம் அறுத்து எறிந்தார்.

புல் எப்படித் தண்ணீரைச் சுத்தம் செய்யும் என்று கேட்பீர்கள். ஜெர்மனிக்காரர்களும் அப்படித்தான் கேட்டார்கள்.

1950-களின் தொடக்கத்தில், ப்ளோன் என்கிற சிறு நகரத்தில் இருந்த மாக்ஸ் பிளாங்க் ஆய்வு நிலையத்தில் கேத்தே சைடல் என்றொரு பெண் விஞ்ஞானி இருந்தார். ஏரிக்கரைக் கோரையை எடுத்துக் கழிவுநீரில் நட்டுப் பார்த்தார். சாக்கடையில் செடி செத்துப்போகும், இதெல்லாம் வேலைக்காகாது என்றார்கள் சுத்திகரிப்புப் பொறியாளர்கள். கோரை சாகவில்லை. கழிவுநீரில் இருந்த ஃபீனால் போன்ற விஷங்கள் குறைந்தன. கோரையைத் தொடர்ந்து நாணலும் களத்துக்கு வந்தது. அவரோடு வேலை பார்த்த ரைன்ஹோல்ட் கிக்குத் பிற்பாடு நாணலை வைத்துத் தனி முறையையே உருவாக்க, 1974-ல் ஒத்ஃப்ரெசன் என்ற ஊரின் கழிவுநீர் நாணல் படுகை வழியாக ஓட ஆரம்பித்தது. இன்று உலகமெங்கும் இப்படிப்பட்ட படுகைகள் இருக்கின்றன.

சூட்சுமம் ரொம்ப எளிமை. நாணல் தண்டு உள்ளே பொள்ளல். மேலே இருக்கும் காற்று அந்தக் குழாய் வழியே சேற்றுக்குள் இருக்கும் வேர்வரை போகிறது. உடைந்து காய்ந்த பழைய தண்டுகூட புகைபோக்கி மாதிரி நின்று காற்றோட்டத்துக்கு உதவுகிறது. வேரிலிருந்து கொஞ்சம் பிராணவாயு சேற்றில் கசிய, அதை ஒட்டிக் கோடானுகோடி பாக்டீரியா குடியேறுகிறது. அழுக்கைத் தின்னும் நிஜ வேலைக்காரர்கள் அவைதான். அம்மோனியாவை ஒரு கூட்டம் நைட்ரேட் ஆக்கும். காற்றில்லாத ஆழத்தில் இன்னொரு கூட்டம் அதை நைட்ரஜன் வாயுவாக்கி ஆகாயத்துக்கு அனுப்பிவிடும். நாணல் அவர்களுக்கு வீடு கட்டிக்கொடுத்த புண்ணியவான். ஆனால் மந்திரவாதி இல்லை. ஈயம், காட்மியம் மாதிரியான சமாசாரங்கள் மறைந்துவிடாது. சேற்றிலும் வேரிலும் தங்கிவிடும். தண்டை அவ்வப்போது அறுத்து அகற்றாவிட்டால், உறிஞ்சிய உரத்தில் ஒரு பங்கு அழுகித் தண்ணீருக்கே திரும்பும். மதான்கள் வீட்டுக்கும் எருமைக்கும் தினம் அறுத்துக்கொண்டிருந்தார்களே, அதன் அருமை இப்போது புரிகிறதா?

2003-க்கு வருவோம். ஏப்ரலில் பாக்தாத் விழுந்தது. தெற்கே யாருடைய உத்தரவுக்கும் காத்திராமல் மதான்கள் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். சில இடங்களில் மண் அள்ளும் இயந்திரமும் கிடைத்தது. கரைகளை வெட்டினார்கள். அது நல்ல பனியும் மழையும் பெய்திருந்த சமயம். பத்து வருஷம் வெளியே நிறுத்தி வைக்கப்பட்ட தண்ணீர் உள்ளே புகுந்தது. யாரும் விதைக்கவில்லை, நடவில்லை. மண்ணில் எஞ்சிக் கிடந்த வேரிலிருந்தும் விதையிலிருந்தும், தண்ணீரில் மிதந்து வந்ததிலிருந்தும் நாணல் முளைத்தது. சில வருஷங்களில் பழைய பரப்பில் ஏறக்குறைய பாதி மீண்டும் நீரானது. பறவைகள் வந்தன. எருமைகள் வந்தன. முதீஃப்கள் எழுந்தன.

அந்த மறுபிறப்புக்குத் தோள் கொடுத்தவர்களில் முக்கியமானவர் அஸாம் அல்வாஷ். அப்பா நீர்ப்பாசனப் பொறியாளர். சின்ன வயதில் அப்பாவோடு படகில் இந்த நாணல் சந்துகளில் சுற்றியவர். 1978-ல் அமெரிக்கா போய்ப் பொறியாளராகச் செட்டில் ஆனவர், சதாம் போனதும் மூட்டை கட்டிக்கொண்டு திரும்பினார். நேச்சர் ஈராக் என்கிற அமைப்பை ஆரம்பித்தார். 2013-ல் சுற்றுச்சூழலுக்கான கோல்ட்மேன் விருது அவரைத் தேடி வந்தது.

சதுப்பை மீட்கும் வேலைக்கு அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி அமைப்பாக அப்போது இருந்த யூஎஸ்எய்டும் பணம் கொடுத்தது. இங்கேதான் கதை ஒரு திருப்பம் எடுக்கிறது. ஏனென்றால், அதே வருஷங்களில் சொந்த ஊரில் அமெரிக்கர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் தெரியுமா? இதே நாணலைக் கொல்ல மருந்தடித்துக்கொண்டிருந்தார்கள்.

அமெரிக்காவிலும் நாணல் ஆதிகாலத்திலிருந்து உண்டு. நாற்பதாயிரம் வருஷத்துக்கு முன் வாழ்ந்த ராட்சத ஸ்லாத் மிருகத்தின் சாணத்திலேயே அதன் எச்சம் கிடைத்திருக்கிறது. சாதுவாக இருந்த செடி. இருபதாம் நூற்றாண்டில் திடீரென்று அதற்கு வெறி பிடித்தது. கடலோரச் சதுப்புகளிலும் ஏரிக்கரைகளிலும் வேறு எதையும் தலைதூக்க விடாமல் சுவர் மாதிரி எழுந்து நின்றது. பறவைக்கும் ஆமைக்கும் இடமில்லை. ஏரி எதிரே வீடு வாங்கியவனுக்கு ஏரியே தெரியவில்லை.

மர்மத்தை உடைத்தவர் கிறிஸ்டின் சால்டன்ஸ்டால். 1910-க்கு முன் சேகரித்து, காய வைத்துத் தாளில் ஒட்டிப் பாதுகாத்த பழைய நாணல் மாதிரிகளின் மரபணுவையும் புதிய நாணலின் மரபணுவையும் ஒப்பிட்டார். 2002-ல் முடிவு வெளியானது. வெறி பிடித்தது உள்ளூர் நாணலுக்கு அல்ல. ஐரோப்பாவிலிருந்து வந்த ஒரு வம்சம், அச்சு அசலாக அதே முகத்தோடு உள்ளே புகுந்து உள்ளூர்க்காரனின் இடத்தைப் பிடித்திருக்கிறது! கப்பலில் பாரத்துக்காக ஏற்றி வந்த மண்ணோடு வந்திருக்கலாம் என்பது கணிப்பு. ஊரில் அதைத் தின்ற பூச்சிகளில் பெரும்பாலானவை கூட வரவில்லை. வந்த இடத்தில் ரயில் பாதையும் நெடுஞ்சாலையும் வெட்டிப்போட்ட பள்ளங்கள் தயாராக இருந்தன. வயலிலிருந்தும் புல்தரையிலிருந்தும் வழிந்து வந்த உரம் சாப்பாடு போட்டது. 1999-க்குப் பிறகு பெரும் ஏரிகளில் நீர்மட்டம் இறங்கி, ஈரத் தரை வெளியே வந்தபோது, அதையும் வளைத்துப் போட்டது.

2013-ல் வெளியான ஓர் ஆய்வு கணக்குப் பார்த்தது. 2005-லிருந்து 2009 வரை, ஆய்வுக்குப் பதில் சொன்ன அமைப்புகள் மட்டுமே வருஷத்துக்கு 46 லட்சம் டாலருக்கு மேல் செலவழித்து, மொத்தம் சுமார் 80,000 ஹெக்டேரில் நாணலோடு மல்லுக்கட்டியிருக்கின்றன. செலவழித்த தொகைக்கும் கிடைத்த பலனுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. இப்படி ஓர் ஐந்தொகையை நீட்டினால் எந்த ஆடிட்டரும் கையெழுத்துப் போட மாட்டார். 2019-ல் கனடா, ஐரோப்பாவிலிருந்து நாணலைத் தின்னும் விட்டில் பூச்சிகளைக் கொண்டுவந்து விட்டுப் பார்க்க ஆரம்பித்தது.

கூத்து இதோடு முடியவில்லை. அதே அமெரிக்காவின் தென்கோடியில், மிசிசிப்பி ஆறு கடலில் விழும் லூசியானாவில், இந்த அந்நிய நாணல் வகைகள்தான் கரையும் மண்ணைப் பிடித்து வைத்திருக்கின்றன. 2016-ல் அங்கே ஆசியாவிலிருந்து வந்த ஒரு செதில்பூச்சி நாணலைச் சாகடிக்கத் தொடங்கியபோது, நிலம் கடலோடு போய்விடுமே என்று பதறினார்கள். வடக்கே கொல்லப் பணம், தெற்கே காக்கப் பணம். ஐரோப்பாவிலோ, 1950-களிலிருந்தே பல ஏரிகளில் நாணல் தேய்கிறதே என்று கவலை.

ஒரே செடி. ஒரு பேரேட்டில் சொத்து, இன்னொன்றில் கடன். செடி எங்கேயும் தன் குணத்தை மாற்றிக்கொள்ளவில்லை. தண்ணீர் கிடைத்தால் நிற்கும், அழுக்குத் தண்ணீரானால் கொழுக்கும், எடுத்துவிட்டால் சாகும். மாறியதெல்லாம் தண்ணீருக்கு நாம் செய்த காரியங்கள்.

ஈராக் கதையும் சுபம் போட்டு முடியவில்லை. 2016-ல் யுனெஸ்கோ அந்தச் சதுப்பை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. பட்டயம் வந்தது, தண்ணீர் வரவில்லை. மேலே துருக்கியில் யூப்ரடிஸுக்குக் குறுக்கே அடாடர்க் அணை. டைகிரிஸுக்குக் குறுக்கே, 2019-ல் நிரப்பத் தொடங்கிய இலிசு அணை. பக்கத்தில் ஈரான் தன் நதிகளைத் தன் பக்கமே நிறுத்திக்கொள்கிறது. ஈராக்கின் நகரங்கள் சாக்கடையைச் சுத்தம் செய்யாமலேயே ஆற்றில் விடுகின்றன. 2021-லிருந்து 2023 வரை தொடர்ந்த வறட்சியில் சதுப்பின் பெரும்பகுதி மறுபடி வெடித்த தரையானது. எருமைகள் உப்புத் தண்ணீர் குடித்துச் செத்தன. 2003-ல் கரையை வெட்டிய குடும்பங்கள் பல, எருமையை விற்றுவிட்டு நகரத்துக்கு நடக்க ஆரம்பித்தன.

இந்த முறை எதிரி சீருடையில் இல்லை. சதாம் என்று ஒரு பெயரைச் சொல்லித் திட்ட முடியாது. மூன்று அரசாங்கங்கள், பல அணைகள், சூடேறும் வானம், யாரும் கையெழுத்துப் போடாத ஒரு நீர்ப் பங்கீடு. எல்லோரிடமும் நியாயமான காரணம் ஒன்று இருக்கிறது.

நாணல் ஒருமுறை பத்து வருஷம் உப்புக்கு அடியில் காத்திருந்து திரும்பி வந்தது. இன்னொரு முறையும் வரும். ஆனால் மதான்கள் நாணல் இல்லையே! நகரத்துச் சேரியில் பிறந்து வளரும் பிள்ளைக்கு முதீஃப் கட்ட யார் சொல்லிக்கொடுப்பார்கள்? கரையை வெட்டித் தண்ணீரை விட இன்றைக்கும் மண்வெட்டி கிடைக்கும். அதைத் தூக்கிக்கொண்டு ஓட, சதுப்பில் ஆள் மிஞ்சியிருக்க வேண்டும்.